முப்பத்தெட்டாவது அத்தியாயம்

போகிமான் கார்ட்டூன் ஜப்பானில் எத்தனையோ தடவை வீடியோவாக வெளிவந்திருக்கிறது. வாடகைக் கடைக்கான கேசட், விற்பனைக்கான கேசட், டிவிடி என்று காலத்துக்கு ஒன்றாக. எதை எடுத்துப் பார்த்தாலும் முப்பத்தெட்டாவது அத்தியாயம் மட்டும் இருக்காது. 1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணிக்கு அது டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. அதோடு சரி. மறு ஒளிபரப்பு கிடையாது, வேறெந்த நாட்டு டிவியிலும் வரவில்லை, வீடியோ வெளியீடும் இல்லை.

நான் அதைக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாங்கிய ஒரு திருட்டு டிவிடியில் பார்த்தேன்.

அந்த வட்டு எப்படி அங்கே வந்தது என்பதைச் சொல்ல இரண்டு வரலாறுகள் தேவைப்படுகின்றன. ஒன்று ஜப்பானில் தொடங்குவது. இன்னொன்று எங்கள் பக்கத்து வீடியோ கடைகளில் தொடங்குவது. முதலாவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாவதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எழுதும் அளவுக்கு அது பெரிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

முதலில் அந்த அத்தியாயம். அதன் பெயர் ‘டென்னோ செஞ்ஷி போரிகான்’. மின்மூளைப் போர்வீரன் போரிகான் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். போகிமான்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரத்தில் கோளாறு. நாம் ஆஷ் என்று அறிந்த சாடோஷியும் நண்பர்களும் அதைச் சரிசெய்யக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போகிறார்கள். வெளியே இருப்பவர்கள் இது தெரியாமல் ஆன்டிவைரஸை ஓடவிடுகிறார்கள். ஆன்டிவைரஸுக்கு உள்ளே நடமாடும் எல்லாமே வைரஸ்தான், ஏவுகணை விடுகிறது. (நான் வேலை பார்த்த இடங்களில் ஆன்டிவைரஸ் இதைவிட மோசமாகவே நடந்துகொண்டிருக்கிறது.) பிகாச்சு தன் மின்னலால் ஏவுகணைகளைத் தாக்குகிறது. அவை வெடிக்கும்போது திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் மாறி மாறி, நொடிக்குப் பன்னிரண்டு தடவை அளவில், சில நொடிகள் மின்னின. மணி 6.51. ஜப்பான் முழுக்கக் குழந்தைகளுக்கு வலிப்பு, மயக்கம், வாந்தி. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் மட்டும் 685 பேர். அன்று இரவுச் செய்தியில் அதே காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்தும் சிலர் விழுந்தார்கள்.

நான்கு மாதம் தொடரே நின்றது. வாடகைக் கடைகள் ஏற்கெனவே வந்திருந்த போகிமான் கேசட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தன. 1998 ஏப்ரலில் தொடர் திரும்பியபோது ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் ஒரு விதிமுறை வகுத்திருந்தார்கள்: நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது, சிவப்பில் கூடுதல் கவனம் வேண்டும். அறையில் வெளிச்சம் போட்டுக்கொண்டு, டிவியிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு வரியும் ஜப்பானியக் கார்ட்டூன்களின் ஆரம்பத்தில் வரத் தொடங்கியது. நம் வீட்டு அம்மாக்கள் எந்த விதிமுறையும் படிக்காமல் காலங்காலமாகச் சொல்லிவரும் வரிதான்.

இன்னொன்றும் செய்தார்கள். அதற்கு முன்னால் வந்திருந்த அத்தியாயங்களிலும் தலைப்புப் பாடலிலும் இருந்த மின்னல்களை மங்கலாக்கி, வேகத்தைக் குறைத்துத் திருத்தினார்கள். பின்னால் கடைக்கு வந்தது அந்தத் திருத்தப்பட்ட வடிவம். 1997-இல் ஒரு ஜப்பானியக் குழந்தை டிவியில் பார்த்ததும், அதே குழந்தை வளர்ந்து டிவிடியில் வாங்கிப் பார்த்ததும் அச்சுப் பிசகாமல் ஒன்றே என்று சொல்ல முடியாது. வீட்டு வீடியோவை நாம் ஒரு பிரதி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது இரண்டாம் பதிப்பு. ஆசிரியர் கை வைத்த பதிப்பு.

போரிகானுக்குத்தான் இதில் அநியாயம். மின்னலை விட்டது பிகாச்சு. தண்டனை போரிகானுக்கு. அதுவும், பின்னால் கேமில் வந்த அதன் அடுத்த வடிவங்கள் இரண்டும், தொடரின் கதையில் அதன்பிறகு தலைகாட்டவே இல்லை. 2020-இல் போகிமானின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கிலிருந்தே ‘போரிகான் எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்று ஒரு ட்வீட் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் அழித்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு சின்ன கேம். 1996 பிப்ரவரி 27-ஆம் தேதி நின்டெண்டோவின் கேம் பாயில் சிவப்பு, பச்சை என்று இரண்டு கார்ட்ரிட்ஜ்களாக வந்தது. உருவாக்கிய சடோஷி தாஜிரி, டோக்கியோவின் ஓரத்தில் இருக்கும் மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் வயரைப் பார்த்தபோது அதன் வழியே பூச்சிகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். கேம் முழுவதும் அரை எம்பி. இதைத் திரும்பப் படியுங்கள்: ஊர்கள், குகைகள், இசை, 151 பிராணிகள், எல்லாம் சேர்த்து அரை எம்பி. கடைசி நேரத்தில் சோதனைக்காக வைத்திருந்த நிரல்களை நீக்கியபோது முந்நூறு பைட் அளவுக்கு இடம் மிஞ்சியது. ஷிகெகி மொரிமோட்டோ என்ற புரோகிராமர் அந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் மியூ என்ற பிராணியை நுழைத்துவிட்டார். 151-ஆவது அதுதான். புரோகிராமர்கள் மூன்று வரிக்கு முந்நூறு எம்பி லைப்ரரி இறக்கிக்கொள்ளும் இந்தக் காலத்தில் இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கேம் ஓடியது. 1997 ஏப்ரல் 1-ஆம் தேதி குனிஹிகோ யுயாமா இயக்கத்தில் கார்ட்டூன் தொடங்கியது. 1998 செப்டம்பரில் 4கிட்ஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அமெரிக்கா போனது. அதே நவம்பரில் அங்கே கேசட் கடைக்கு வந்துவிட்டது. 4கிட்ஸ்காரர்கள் கத்திரிக்கோலோடுதான் பிறந்திருக்க வேண்டும். ஜப்பானிய எழுத்துகளை அழித்தார்கள், இசையை மாற்றினார்கள், பெயர்களை மாற்றினார்கள். துப்பாக்கியை நீட்டும் ஒருவர் வருகிறார் என்பதால் முப்பத்தைந்தாவது அத்தியாயத்தை முழுக்கவே விட்டுவிட்டார்கள். சாடோஷி முப்பது டாரோஸ் மாடுகளைப் பிடித்தது அந்த அத்தியாயத்தில்தான். அதனால் ஆங்கிலத்தில் பார்த்த குழந்தைகளுக்கு ஆஷிடம் திடீரென்று ஒரு மாட்டு மந்தை எங்கிருந்து வந்தது என்று விளங்கவே இல்லை. ஒரு மாட்டை வைத்துக்கொண்டே திண்டாடும் ஊரில் வளர்ந்த எனக்கு அது பெரிய மர்மமாக இருந்தது.

இன்னொரு மாற்றம் இன்னும் வேடிக்கை. ப்ராக் கையில் முக்கோணமாக வெள்ளை உருண்டைகள், அடியில் ஒரு கறுப்புப் பட்டை. ஜப்பானியர்களின் கட்டுச்சோறு, ஒனிகிரி. அமெரிக்கக் குழந்தைக்குச் சோற்றுருண்டை புரியாது என்று அதை ஜாம் வைத்த டோனட் என்று பேசவைத்தார்கள். அந்தக் குரலோடுதான் அது எங்களுக்கும் வந்தது. காஞ்சிபுரத்தில் அன்று டோனட் என்றால் யாருக்கும் தெரியாது. சோற்றுருண்டை தெரியும். அமாவாசைக்குக் காக்காவுக்கு வைப்பதிலிருந்து, பாட்டி கையில் பிடித்துக் கொடுப்பது வரை தெரியும். நமக்குத் தெரிந்த ஒன்றை, நமக்குத் தெரியாத ஒன்றாக மாற்றி, நமக்குத் தந்தார்கள். வழியில் அமெரிக்கா இருந்ததால் வந்த வினை.

இந்தியாவுக்கு வந்தது 2003-இல், கார்ட்டூன் நெட்வொர்க்கில். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் ஊர் ஏனாத்தூர். பல்கலைக்கழகம் இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்குப் பெயர் தெரியும். நெசவு, ஏரிப்பாசனம், பஸ்ஸுக்குக் காத்திருத்தல், இவைதான் ஊரின் மற்ற தொழில்கள். கேபிளில் ஆங்கிலத்தில் வந்ததை நான் பார்த்தேன். பாதி புரிந்தது. பிகாச்சு பேசியது முழுக்கப் புரிந்தது, ஏனென்றால் அது ‘பிகா பிகா’ தவிர வேறொன்றும் பேசாது. அந்தக் குரல் இகுவே ஓட்டானி என்ற ஜப்பானிய நடிகையுடையது. பெரும்பாலான நாடுகளில் மற்ற எல்லாக் குரலையும் மாற்றினார்கள், அதை மட்டும் மாற்றவில்லை. எங்கள் தெருவில் ஒலித்த முதல் ஜப்பானியக் குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் முதலில் கேம், பிறகு கார்ட்டூன், பிறகு வீடியோ. கேம் பாயை எங்கள் பக்கத்தில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது ‘டிவி கேம்’, மஞ்சள் கார்ட்ரிட்ஜில் ‘99999 இன் 1’ என்று போட்டு, உள்ளே நாலே நாலு கேம் திரும்பத் திரும்ப இருக்கும். எனவே எங்களுக்கு முதலில் கார்ட்டூன், பிறகு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த தாசோ வில்லை, பிறகு வட்டு. கேம் கடைசியில்தான் வந்தது, காலேஜ் ஹாஸ்டலில், எமுலேட்டரில். ‘அட, இந்தக் கார்ட்டூனுக்கு கேம்கூடப் போட்டிருக்காங்களா’ என்று ரூம்மேட் ஒருவன் கேட்டான். ஜப்பானில் யாராவது அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் வரலாற்றில் அது நியாயமான கேள்வி.

கேபிளில் சாயங்காலம் கரண்ட் போனால் அந்த அத்தியாயம் போனது போனதுதான். அதனால் வட்டு தேவைப்பட்டது. முறையான வழியில் அது கிடைக்க மூன்று தடைகள் இருந்தன. முதல் தடை, டிவிடியின் மண்டலக் குறியீடு. அமெரிக்கா ஒன்றாவது மண்டலம், ஜப்பான் இரண்டாவது, இந்தியா ஐந்தாவது. அமெரிக்காவில் இருக்கும் மாமா காசு கொடுத்து ஒழுங்காக வாங்கிவந்தாலும் இங்கே வாங்கிய ஒழுங்கான பிளேயரில் ஓடாது. இரண்டாவது, அவர்கள் டிவி என்டிஎஸ்சி முறை, நம்முடையது பால். பொருந்தாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகி மேலும் கீழும் உருளும். மஞ்சள் நிறத்துக்காகவே படைக்கப்பட்ட ஒரு பிராணியைச் சாம்பல் நிறத்தில் பார்ப்பது ஒரு தனி சோகம். மூன்றாவது விலை. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

விசிடிக்கு இந்தச் சிக்கல்களில் பாதி கிடையாது. சோனி, பிலிப்ஸ், மட்சுஷிட்டா, ஜேவிசி சேர்ந்து 1993-இல் வகுத்த முறை அது. மண்டலக் குறியீடு இல்லை, பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லை. வசதியான நாடுகள் அதைச் சீந்தவில்லை. சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா எடுத்துக்கொண்டன. அதே வருடம் சீனாவின் ஹெஃபே நகரத்தில் வான்யான் என்ற நிறுவனம் முதல் பிளேயரைச் செய்தது. அதன் வாரிசுகள்தான் நம் வீட்டு ஷோகேஸ்களில் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவை.

ஒரு வட்டில் எழுபத்து நாலு நிமிடம். போகிமான் அத்தியாயம் ஒன்று ஏறக்குறைய இருபத்திரண்டு நிமிடம், 230 எம்பி பிடிக்கும். மொத்த கேமைப் போல நானூற்று அறுபது மடங்கு! வட்டுக்கு மூன்று அத்தியாயம்தான். கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘ஏவிசெக்01.டேட்’ என்று ஒரு கோப்பு. என் வயது இன்ஜினியர்கள் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட இதைச் சொல்வார்கள். சாதாரண சிடியில் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் இடத்தைப் பிழை திருத்துவதற்கென்று ஒதுக்கியிருப்பார்கள். விசிடியில் அந்த இடத்திலும் படத்தையே திணித்தார்கள். அதனால்தான் கீறல் விழுந்த விசிடி நின்றுவிடாது, முகம் சதுரம் சதுரமாக உடைந்து, குரல் விக்கி, பிறகு தானே சுதாரித்துக்கொண்டு ஓடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்றார்கள். வாழைப்பழத் தோல் என்றும் ஒரு கட்சி இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடியோ என்பது ஆரம்பத்திலிருந்தே பாதி சட்டத்துக்கு வெளியே நடந்த தொழில். 1980-களில் டிவி, டெக், நாலு கேசட் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் விடிய விடியப் படம் போட்டார்கள். 1984-இல் மத்திய அரசு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதற்கு முக்கியக் காரணம் இந்த வீடியோ திருட்டுதான். 2004-இல் தமிழக அரசு இன்னும் ஒரு படி மேலே போய், கள்ளச்சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் இருந்த 1982-ஆம் வருடத்துக் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. விசாரணையில்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். சட்டம் கவலைப்பட்டது தமிழ் சினிமாவுக்காக. ரெய்டு வரும்போது கடைக்காரர்கள் புதுப்பட வட்டுகளைத்தான் ஒளிப்பார்கள். கார்ட்டூன் வட்டுகள் மேசைமேலேயே கிடக்கும். பிகாச்சுவுக்காக யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் இதில் ஒரு முரண் உண்டு. டூப்ளிகேட் என்ற சொல் அந்த ஊருக்குப் பிடிக்காது. விசைத்தறியில் நெய்ததைக் காஞ்சிப் பட்டு என்று விற்கிறார்கள் என்று போராடி, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அதே தெருவில், அதே நெசவாளர் வீட்டுப் பையன்கள், ஜெராக்ஸ் அட்டை போட்ட விசிடி வாங்கினார்கள். நான் உட்பட. எங்கள் பாவு வேறு, அவர்கள் பாவு வேறு என்று நினைத்தோம்போல.

கடைக்காரருக்குக் கார்ட்டூன்களின் பெயர் தெரியாது. “என்ன வேணும் தம்பி, பூனை எலியா, மஞ்ச எலியா?” என்பார். பூனை எலி என்றால் டாம் அண்ட் ஜெர்ரி. மஞ்ச எலி எங்களுடையது. மாதம் ஒரு தடவை சென்னை பர்மா பஜாருக்குப் போய்ப் பையில் நிரப்பிக்கொண்டு வருவார். ஆரம்பத்தில் விசிடி, பிறகு டிவிடி. டிவிக்ஸ் ஓடும் பிளேயர்கள் வந்ததும் ஒரே டிவிடியில் முப்பது நாற்பது அத்தியாயம் அடைத்து வந்தது. அட்டையில் பிகாச்சு, பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் ஸ்பைடர்மேன்.

அப்படி ஒரு டிவிடியில்தான் ‘038’ என்ற கோப்பு இருந்தது. மற்ற எல்லாம் ஆங்கிலம், இது மட்டும் ஜப்பானியம், கீழே ஆங்கில எழுத்து. ஒளிபரப்பான ஒரே அந்தச் செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு ஜப்பானியர் தன் வீட்டு விசிஆரில் பதிந்திருக்கிறார். அந்தக் கேசட்டின் பிரதி எந்தெந்தக் கையோ மாறி, ரசிகர்கள் வசன எழுத்து சேர்த்து, இணையத்தில் ஏறி, யாரோ இறக்கி, எண் வரிசை விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று வட்டில் சேர்த்திருக்கிறார்கள். அடைத்தவருக்கு அது தடைசெய்யப்பட்ட அத்தியாயம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முப்பத்தேழுக்கு அப்புறம் முப்பத்தெட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. தயாரித்த நிறுவனமே தன் கணக்கிலிருந்து நீக்கிய ஒன்று, எண்ணத் தெரிந்த ஒரு திருடரால் காஞ்சிபுரம் வரை வந்தது.

அதைப் பார்க்கலாமா என்பது வேறு கேள்வி. 685 குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போன காட்சியைக் கடையில் வைத்து விற்கக் கூடாது என்று அந்த நிறுவனம் முடிவெடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. வலிப்பு இருக்கும் குழந்தை நம் வீட்டிலும் இருக்கலாம். ஆனால் விற்காமல் இருப்பது ஒன்று, எங்கேயும் இல்லாமல் ஆக்குவது இன்னொன்று. அந்த வட்டு என் கையில் இருந்ததால்தான் பிற்பாடு நான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். நொடிக்கு மூன்று தடவை என்ற விதி ஏன் வந்தது என்று, இன்று வெப்சைட் செய்கிறவர்களுக்கும் அதே விதி பொருந்துகிறது என்று, எனக்குத் தெரியவந்தது அந்தக் கோப்பிலிருந்து.

2007 வாக்கில் மோசர் பேயர் வந்தது. டெல்லிப் பக்கத்தில் காலி சிடி தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனம். விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று அடித்தார்கள். திருட்டு வட்டின் விலைக்கே ஒழுங்கான வட்டு. மளிகைக் கடையில், பெட்டிக் கடையில், பஸ் ஸ்டாண்டில் எல்லாம் தொங்கியது. டிவியில் எப்போதாவது பாதியிலிருந்து பார்த்த பழைய தமிழ்ப் படங்களை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு என் அப்பா தலைமுறைக்கு அதில்தான் கிடைத்தது. அதன் நன்மையை நாம் சரியாக மதிப்பிடவில்லை என்பது என் எண்ணம். 2018-இல் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டபோது அது வணிகப் பக்கத்துச் செய்தியாகப் போய்விட்டது.

அந்த 34 ரூபாய் அலமாரியில் நான் தேடியும் கிடைக்காதது ஒன்று, தமிழ் பேசும் கார்ட்டூன். அதே 2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியது. டோரா, ஜாக்கி சான் எல்லாம் தமிழில் பேசினார்கள். ஜாக்கி சான் தமிழ் வசனங்களை வைத்து இன்றும் மீம் போடுகிறார்கள். அந்த மொழிபெயர்ப்பை எழுதியவர்கள் பெரிய வேலை செய்தார்கள். மூலத்தில் இல்லாத கிண்டல், நம் தெருப் பேச்சு, எல்லாம் அதில் இருந்தது. போகிமானும் பிற்பாடு ஹங்காமாவில் தமிழ் பேசியது. இவற்றில் எதையும் வட்டாக விற்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை. அதற்குள் காலமும் ஓடிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா ஆலை வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண் ஷிப்டுக்குப் போனார். வட்டுக் கடைகள் ‘மெமரி கார்டில் பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்’ என்று போர்டை மாற்றின. நான் படித்து முடித்து வேலைக்குப் போவதற்குள் வட்டு என்ற பொருளே மறைந்துவிட்டது.

வெளியீடு என்று ஒன்று இருந்தால், எங்கோ ஒரு மூலப்பிரதி இருக்கும், அட்டையில் பெயர்கள் இருக்கும், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு பிரதி மிஞ்சும். வெளியீடே இல்லாத டப்பிங், சேனல் ஒளிபரப்பும் வரைதான் உயிரோடு இருக்கிறது. உரிமம் முடிந்தால் ஒலிப்பதிவும் போகும். குரல் கொடுத்தவர்கள் யார் என்பதும் போகும். நமக்கு இது புதிதில்லை. நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 1931-இல் வந்த காளிதாஸும் இல்லை. எங்கள் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிகள் ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் சுவரில் படிக்கும்படி இருக்கின்றன. சினிமாவை வெட்டிவைக்க ஒரு சுவர் இல்லாமல் போயிற்று.

பிரிட்டனிலும் இதே கதைதான். பிபிசி 1960-களின் ‘டாக்டர் ஹூ’ நாடாக்களை அழித்துவிட்டது. தொண்ணூற்றுச் சொச்சம் அத்தியாயங்களின் படம் போனது. ஆனால் ஒலி முழுக்க இருக்கிறது. ரசிகர்கள் டிவி முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிந்ததால். அதை வைத்துத்தான் பிபிசியே பிற்பாடு குறுந்தகடு போட்டு விற்றது.

எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. பெரியப்பா மகன், அண்ணன். டிவி ட்யூனர் கார்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டி, கார்ட்டூன்களைப் பதிந்து, சிடியில் எழுதி, தேதி போட்டு வைத்தவர். அவரிடம் அறுபது சிடிக்கு மேல் இருந்தது. போன வருடம் அவற்றை வாங்கி, என் டிவிடியையும் சேர்த்து, ஒவ்வொன்றாகப் படிக்க முயன்றேன். மலிவு வட்டுகளில் பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிந்தன. விட்ட துண்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் ஒரு மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுவேன். காலையில் பார்த்தால் சிலதில் தொண்ணூறு சதவீதம், சிலதில் ஒன்றுமில்லை. பதினேழு சிடி தேறியது. ஜாக்கி சான் நாலு அத்தியாயம் முழுதாக இருக்கிறது. நடுவில் உள்ளூர் கேபிள்காரரின் விளம்பரப் பட்டையும் கீழே ஓடுகிறது, ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. என் டிவிடியில் ‘038’ கோப்பு பிழையில்லாமல் வந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன்.

2024 மே மாதம் ஹங்காமாவில் போகிமானின் புதிய தொடர், ஹொரைசன்ஸ், இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியது. ஆஷ் இல்லை, புது ஆட்கள். அண்ணன் மகளுக்கு எட்டு வயது. அப்பாவைப் போலவே அவளுக்கும் பதிந்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. செட்டாப் பாக்ஸில் பென்டிரைவைச் செருகி ரெக்கார்ட் பட்டனை அழுத்துவாள். மழையில் இடி இறங்கி அந்தப் பெட்டி போய்விட்டது. மாற்றிக் கொடுக்க வந்தவர் புதுப் பெட்டியை மாட்டினார். பழைய பதிவுகள் அதில் ஓடவில்லை. “அது அந்த பாக்ஸுக்கு மட்டும்தான் சார், லாக் ஆகியிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். “சித்தப்பா, நீங்கதான் கம்ப்யூட்டர் வேலை பாக்குறீங்கல்ல” என்று பென்டிரைவை என்னிடம் கொடுத்தாள். அதில் பதினான்கு கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சரியான அளவில், சரியான தேதியோடு இருக்கிறது. நான் முயன்ற எந்த வழியிலும் திறக்கவில்லை.